ரப்பர்த் தோட்டத்தைத் தாண்டிப் போகும் வயர்லெஸ் இணைப்பு: அலுவலக நெட்வொர்க் மந்தமாவதை எப்படிச் சரிசெய்யலாம்?

குலசேகரம் கணக்கர்:

அனைவருக்கும் வணக்கம். ரப்பர் ஷீட்டும் ஒட்டுப்பாலும் வாங்கி விற்கும் ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். கணினிகளைக் கவனிக்கத் தனி ஆள் இல்லாததால் அந்தப் பொறுப்பும் என்னிடமே இருக்கிறது. அலுவலகம் குலசேகரம் கடைத்தெருவில் ஒரு மாடிக் கட்டடத்தில் உள்ளது. கிடங்கு, புகைப்புரை, எடைமேடை ஆகியவை நேர்க்கோட்டில் ஏறத்தாழ 1.2 கிலோமீட்டர் தள்ளி, தோட்டங்களுக்கு அப்பால் இருக்கின்றன. இரண்டுக்கும் இடையே சென்ற ஜனவரி இறுதியில் 5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ இரண்டு வைத்து வயர்லெஸ் இணைப்புக் கொடுத்தார்கள். இரண்டும் 23 டிபிஐ ஆன்டெனாவோடு சேர்ந்தே வருபவை (டிபிஐ என்பது ஆன்டெனா சிக்னலை ஒரு திசையில் குவிக்கும் அளவு). இரு பக்கமும் கூரைக்கு மேல் மூன்று மீட்டர் குழாயில் பொருத்தியிருக்கிறார்கள்.

கணக்கும் இருப்பும் பார்க்கும் மென்பொருளின் தரவுக் கோப்பு அலுவலகக் கணினி ஒன்றில் பகிர்வுக் கோப்புறையாக இருக்கிறது. கிடங்கில் உள்ள இரண்டு கணினிகளும் வயர்லெஸ் வழியாக அதையே திறக்கின்றன. கிடங்கின் நான்கு கண்காணிப்புக் கேமராக்களும் அதே வழியாக அலுவலகத்தில் உள்ள பதிவுப் பெட்டிக்கு வருகின்றன. தொடக்கத்தில் எல்லாம் நன்றாகவே ஓடியது. இப்போது பிற்பகலில் ஒரு கொள்முதல் பதிவைத் திறக்கச் சில நிமிடங்கள் ஆகின்றன. மழை பெய்து விட்ட பிறகு இணைப்பு அறுந்து அறுந்து வருகிறது. இதைவிட மோசம், பதிவு பாதியில் நிற்கும்போது தரவுக் கோப்பே சேதமாகி, சரிசெய்யும் வரை இரு இடத்திலும் வேலை நின்றுவிடுகிறது.

பொருத்தியவர் பெரிய டிஷ் ஆன்டெனாவுக்கு மாற்றச் சொல்கிறார். கடையில் கேட்டால் பூஸ்டர் என்கிறார்கள். முதலாளி எதை வாங்க வேண்டும் என்று மட்டும் கேட்கிறார். வழி சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

தக்கலை நெட்வொர்க்:

இப்போதைக்கு எதையும் வாங்க வேண்டாம் என்பதே என் முதல் பதில். மந்தமாக இருக்கிறது என்பது ஒரு புகார்தான், நோயின் பெயர் அன்று. கிடங்குக் கணினியிலிருந்து அலுவலகக் கணினி வரை உள்ள வழியைத் துண்டு துண்டாக அளந்தால்தான் எந்தத் துண்டில் கோளாறு என்று தெரியும்.

கிடங்குக் கணினியில் நான்கு சாளரங்களைத் திறந்து, அங்குள்ள சுவிட்சோடு இணைந்த இன்னொரு கணினி, அருகிலுள்ள ரேடியோ, எதிர்ப்பக்க ரேடியோ, அலுவலகக் கணினி ஆகிய நான்குக்கும் ஒரே நேரத்தில் பிங் (பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று காட்டும் கட்டளை) ஓடவிடுங்கள். காலையில் ஒரு முறை, பிற்பகல் நெருக்கடியில் ஒரு முறை, மழை ஓய்ந்ததும் ஒரு முறை என்று பாருங்கள். அருகிலுள்ள ரேடியோவுக்கே பதில் தடுமாறினால் குற்றம் காற்றில் இல்லை. கேபிளிலோ சுவிட்சிலோ கேபிள் வழியாகவே ரேடியோவுக்கு மின்சாரம் தரும் பிஓஇ அடாப்டரிலோ இருக்கிறது. எதிர்ப்பக்க ரேடியோவில் தொடங்கித் தடுமாறினால் வயர்லெஸ். அதுவரை சீராக இருந்து கடைசிக் கணினியில் மட்டும் தடுமாறினால் அந்தக் கணினியின் வட்டையும் வைரஸ் தடுப்பு மென்பொருளையும் பாருங்கள்.

அதன்பின் இரு முனையிலும் ஐபெர்ஃப் என்ற வேகம் அளக்கும் நிரலை நிறுவி, இரு திசையிலும் தனித்தனியாக வேகம் பாருங்கள். இணையதளத்தில் பார்க்கும் வேகச் சோதனை இதற்கு உதவாது, ஏனென்றால் அது உங்கள் ஃபைபர் இணைய இணைப்பையும் சேர்த்து அளந்து குழப்பிவிடும். ரேடியோவின் நிர்வாகப் பக்கத்தில் சிக்னல் அளவு, இரைச்சல் அளவு, சானல் எண், சானல் அகலம் ஆகியவற்றையும் குறித்து அனுப்புங்கள். ரேடியோவுக்குப் போகும் கேபிள் சுத்தச் செம்பா, செம்பு பூசிய அலுமினியமா என்பதையும் பார்த்துவிடுங்கள். அலுமினியக் கேபிளில் மின்தடை கூடுதல். நீண்ட தூரம் போனால் ரேடியோவுக்கு வந்து சேரும் வோல்டேஜ் குறைந்து, ரேடியோ தானே அணைந்து அணைந்து எழும்.

மார்த்தாண்டம் கணினிக்கடை:

அளப்பது நல்லதுதான். ஆனாலும் அனுபவத்தில் சொல்கிறேன், 23 டிபிஐ பேனலை எடுத்துவிட்டு 30 டிபிஐ டிஷ் வைத்த இடங்களில் பெரும்பாலும் புகார் நின்றிருக்கிறது. முதலாளிமார் கேட்பது தீர்வு, பாடம் அல்ல. கணக்கருக்கும் நாளெல்லாம் பிங் பார்த்துக்கொண்டிருக்க நேரம் இருக்காது.

குலசேகரம் கணக்கர்:

இரு பக்கத்து யோசனைக்கும் நன்றி. சொன்னபடி அளந்துவிட்டேன்.

கிடங்கின் இன்னொரு கணினிக்கும் அருகிலுள்ள ரேடியோவுக்கும் எப்போது பார்த்தாலும் ஒரு மில்லி விநாடிக்குள் பதில் வருகிறது. எதிர்ப்பக்க ரேடியோவுக்குக் காலையில் 3 முதல் 5 மில்லி விநாடி. பிற்பகலில் 40 முதல் 300 வரை தாவுகிறது, நூற்றுக்கு இரண்டு மூன்று பதில் வராமலே போகிறது. மழை ஓய்ந்த உடனே பார்த்தபோது இழப்பு இன்னும் அதிகமாக இருந்தது. ஐபெர்ஃபில் பிற்பகலில் கிடங்கு நோக்கி 14 மெகாபிட், அலுவலகம் நோக்கி 6 மெகாபிட் கிடைத்தது.

சிக்னல் அளவு மைனஸ் 74 டிபிஎம் (மைனஸுக்குப் பின் வரும் எண் பெரிதாக ஆக, சிக்னல் பலவீனம்). பொருத்திய நாளில் எடுத்து அனுப்பிய படத்தில் அதே பக்கம் மைனஸ் 53 என்று காட்டுகிறது. சானல் அகலம் 80 மெகாஹெர்ட்ஸ். கேபிள் சுத்தச் செம்புதான். இருபது மீட்டருக்கு மேல் இல்லை.

தக்கலை நெட்வொர்க்:

இந்தக் கணக்கு நிறையச் சொல்கிறது. 5.8 கிகாஹெர்ட்ஸில் 1.2 கிலோமீட்டர் வெற்றுவெளியைக் கடக்க ஆகும் இழப்பு ஏறத்தாழ 109 டெசிபல். நம் நாட்டில் 5725 முதல் 5875 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைவரிசையை உரிமம் இல்லாமல் பயன்படுத்த 2018ஆம் ஆண்டு அறிவிக்கை இடம் தருகிறது. அதில் ஆன்டெனாவின் பெருக்கத்தையும் சேர்த்து வெளியீடு 36 டிபிஎம், அதாவது 4 வாட் வரை இருக்கலாம். 36லிருந்து 109ஐக் கழித்து, வாங்கும் பக்கத்து ஆன்டெனாவின் 23ஐக் கூட்டினால் மைனஸ் 50 வருகிறது. ஜனவரியில் மைனஸ் 53 வந்தது ஏறக்குறைய அந்தக் கணக்குதான். ஆகவே அன்று பொருத்திய விதத்தில் பெரிய குறை இருந்திருக்க முடியாது. இன்று மைனஸ் 74 என்றால், வர வேண்டிய மைனஸ் 50க்கு 24 டெசிபல் குறைவு. வந்து சேர வேண்டிய ஆற்றலில் ஏறத்தாழ 250இல் ஒரு பங்குதான் வருகிறது.

கடைக்கார நண்பர் சொல்லும் 30 டிபிஐ டிஷ் வைத்தாலும், வெளியீட்டு வரம்பு 36 டிபிஎம் என்பதால் அனுப்பும் பக்கத்தில் சட்டப்படி எதுவும் கூடாது. வாங்கும் பக்கத்தில் 7 டெசிபல் கூடும். 24 போன இடத்தில் 7ஐ வைத்து என்ன செய்வது? அதோடு டிஷ்ஷின் கற்றை குறுகியது. மூன்று மீட்டர் குழாய் காற்றில் ஆடினாலே குறி விலகும். பூஸ்டரைப் பற்றிப் பேசவே வேண்டாம், சிக்னலோடு சேர்த்து இரைச்சலையும் அது பெருக்கும், வரம்பையும் மீறும்.

குழாய் திரும்பியிருக்கலாம், இணைப்பில் நீர் புகுந்திருக்கலாம், வழியில் ஏதாவது முளைத்திருக்கலாம். ஜனவரிக்குப் பிறகு இடையில் கட்டடம் ஏதும் எழும்பியதா?

குலசேகரம் கணக்கர்:

கட்டடம் எதுவும் இல்லை. குழாய் அசையவில்லை என்பதை அடையாளக் கோடு வைத்து உறுதிசெய்தோம். இடையில் இருப்பது ரப்பர்த் தோட்டம் மட்டும்தான், அது ஜனவரியிலும் இருந்ததே.

அருமனை தோட்டக்காரர்:

எனக்கு நெட்வொர்க் தெரியாது. ஆனால் ரப்பர் தெரியும். நம் பகுதியில் ரப்பர் மரம் டிசம்பரில் இலை உதிர்க்கத் தொடங்கி, ஜனவரி கடைசியில் மொட்டையாக நிற்கும். தோட்டத்தின் இந்த ஓரத்தில் நின்றால் அந்த ஓரத்து வீடு தெரியும். பிப்ரவரியில் தளிர் விட்டு, மார்ச்சுக்குள் இலை முற்றிவிடும். அதன்பின் அதே தோட்டத்தில் நண்பகலிலும் நிழல்தான். ஜனவரி இறுதியில் பொருத்திப் பார்த்தவருக்கு வழி திறந்திருந்ததாகத் தோன்றியிருக்கும். மரங்களும் ஆண்டுக்கு ஆண்டு உயரும் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

தக்கலை நெட்வொர்க்:

ஐயா, கேள்விக்கான விடை உங்களிடம்தான் இருந்தது. நானாக இருந்தால் இன்னும் கேபிளையே குடைந்துகொண்டிருப்பேன்.

இதற்கு எண்ணிக்கையிலும் ஆதாரம் உண்டு. இலையடர்ந்த மரங்களுக்குள் அலை எவ்வளவு தேயும் என்று கணக்கிட வைஸ்பெர்கர் சமன்பாடு என்று ஒன்று பயன்படுகிறது. 5.8 கிகாஹெர்ட்ஸ் அலை இலைகளுக்குள் 50 மீட்டர் போனால் ஏறத்தாழ 22 டெசிபல் இழப்பு என்று அது தருகிறது. கணக்கரின் 24 டெசிபலுக்கும் இதற்கும் பெரிய தூரம் இல்லை. இங்கே மழை பற்றியும் சொல்லிவிட வேண்டும். பலத்த மழையானாலும், விழும் துளிகளால் இந்த அலைவரிசையில் கிலோமீட்டருக்கு ஓரிரு டெசிபலுக்கு மேல் இழப்பு வராது. மழை ஓய்ந்த பிறகும் இணைப்பு அறுவதற்குக் காரணம் இலைகளின்மேல் தங்கி நிற்கும் நீர்.

மரத்தின் உச்சி பார்வைக்கோட்டைத் தொடாமல் இருந்தால் மட்டும் போதாது. இரு ஆன்டெனாக்களுக்கும் இடைப்பட்ட கோட்டைச் சுற்றி ஃப்ரெனல் மண்டலம் என்ற ஒரு நீள்வட்ட வெளி இருக்கிறது, 1.2 கிலோமீட்டர் வழியின் நடுவில் அதன் ஆரம் ஏறக்குறைய 4 மீட்டர். அதில் குறைந்தது 60 சதவீதம், அதாவது கோட்டுக்குக் கீழே இரண்டரை மீட்டராவது வெறுமையாக இருக்க வேண்டும். வளர்ந்த ரப்பர் மரம் 15 மீட்டரைத் தாண்டிவிடுகிறது. உங்கள் ஆன்டெனாக்கள் தரையிலிருந்து பத்து மீட்டருக்கு மேல் இருக்க வாய்ப்பில்லை.

மார்த்தாண்டம் கணினிக்கடை:

இந்த விளக்கத்தை ஏற்கிறேன். அப்படியானால் 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு மாறலாமே, அது மரத்தை ஊடுருவும் என்று சொல்வார்களே.

தக்கலை நெட்வொர்க்:

அதே சமன்பாட்டில் 2.4 கிகாஹெர்ட்ஸைப் போட்டால் 17 டெசிபல் வருகிறது; ஐந்து டெசிபல் ஆதாயத்துக்காகக் கடைத்தெருவின் எல்லா வைஃபைகளோடும் மோத வேண்டியிருக்கும், ஏனென்றால் அந்த அலைவரிசையில் ஒன்றையொன்று தொடாத சானல்கள் 1, 6, 11 என மூன்றுதான். 865 மெகாஹெர்ட்ஸ் பகுதி உரிமம் இன்றிக் கிடைத்தாலும் அதன் அகலம் மிகக் குறைவு. நீர்மட்டம், வெப்பநிலை போன்ற சிறு தகவலுக்கு ஆகும், கேமராவுக்கும் கணக்குக்கும் ஆகாது.

உடனே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது, செலவும் இல்லை. சானல் அகலத்தை 80இலிருந்து 20 மெகாஹெர்ட்ஸுக்குக் குறையுங்கள். அகலம் நான்கில் ஒரு பங்கானால் ரேடியோ உள்வாங்கும் இரைச்சலும் நான்கில் ஒரு பங்காகும். 6 டெசிபல் இலவசமாகக் கிடைத்தது போல. உச்ச வேகம் குறையும், ஆனால் இழப்பும் தாவலும் குறையும். உங்களுக்கு வேண்டியது உச்ச வேகம் அல்ல.

முட்டம் ஐஸ்பிளாண்ட்:

கடற்கரையிலிருந்து இரண்டு வார்த்தை. எங்கள் பக்கம் இணைப்பு அறுந்தால் உடனே விசைப்படகுகளின் ரேடார்தான் காரணம் என்று சிலர் சொல்வதுண்டு. படகு ரேடார்கள் பொதுவாக 9 கிகாஹெர்ட்ஸிலும், பெரிய கப்பல்களில் கூடுதலாக 3 கிகாஹெர்ட்ஸிலும் இயங்குபவை. 5 கிகாஹெர்ட்ஸில் அவை இல்லை. வானிலை ரேடார்களில் ஒரு வகைதான் 5.6 கிகாஹெர்ட்ஸை ஒட்டி இயங்குகிறது. அதனால் 5470 முதல் 5725 வரையுள்ள சானல்களில் ரேடார் துடிப்பு என்று ரேடியோ சந்தேகித்தாலே அந்தச் சானலை விட்டு விலகி, புதிய சானலில் குறைந்தது ஒரு நிமிடம் காது கொடுத்துவிட்டுத்தான் பேசத் தொடங்கும். அந்த ஒரு நிமிட மௌனம் பயனருக்கு அறுந்த இணைப்பாகத் தெரியும். கணக்கரின் ரேடியோ எந்தச் சானலில் இருக்கிறது என்று பார்த்து, 5725க்கு மேல் வைத்துவிடுங்கள்.

குலசேகரத்தில் உப்புக்காற்று இல்லாத வரை நீங்கள் பாக்கியசாலிகள். இங்கே ஆண்டுக்கு ஒரு முறை கனெக்டரைப் பிரித்தால் பச்சைப் பாசிபோல் செம்புக் களிம்பு இருக்கும்.

ஓய்வுபெற்ற லைன்மேன்:

தம்பிமார்களின் உரையாடலை ஆர்வத்தோடு படித்துவருகிறேன். தொலைபேசித் துறையில் செம்புக் கம்பிக் காலம் தொட்டு ஃபைபர் வரை வேலை பார்த்தவன் என்ற உரிமையில் சிலவற்றைச் சொல்கிறேன்.

மரத்துக்கு மேலே போக வேண்டுமானால் இரு பக்கமும் இருபது மீட்டருக்குக் குறையாத கம்பம் வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் பிற்பகல் இடி எப்படி இறங்கும் என்பது மலையோரத்தில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். அவ்வளவு உயரத்தில் இரும்பை நிறுத்தினால் அதற்குத் தாங்குகம்பி, இடிதாங்கி, நல்ல எர்த் குழி, கேபிள் கட்டடத்துக்குள் நுழையும் இடத்தில் சர்ஜ் தடுப்பு, இவை எல்லாம் வேண்டும். கம்பத்தின் எர்த்தையும் கட்டடத்தின் எர்த்தையும் ஒன்றாகப் பிணைக்கவும் வேண்டும். பிணைக்காமல் இரண்டாக விட்டால் இடி இறங்கும்போது இரண்டுக்கும் இடையில் எழும் மின்னழுத்தம் உங்கள் நெட்வொர்க் கேபிள் வழியாகத்தான் சமநிலை தேடும். சுவிட்சும் கணினியும் சேர்ந்தே போகும். இடையில் ஏதாவது பொற்றையில் (சிறு குன்றில்) ரிலே வைக்கலாம் என்று யாராவது சொல்லக்கூடும். மின்சாரம் இல்லாத பொற்றையில் சோலார், பேட்டரி, பூட்டு, காவல் என்று அது தனிக் குடித்தனமாகிவிடும்.

என் யோசனை கண்ணாடி இழைதான். இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழையும் அதற்கு ஒன்றுதான், இடியும் ஒன்றுதான், ரப்பர் தளிர்த்தாலும் ஒன்றுதான். சாலை வழியாகச் சுற்றிப் போனால் இரண்டு கிலோமீட்டர் வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒற்றைமுறை (சிங்கிள் மோட்) ஃபைபருக்கு அது தூரமே அல்ல, ஒளியையும் மின்சிக்னலையும் ஒன்றிலிருந்து மற்றொன்றாக மாற்றும் சாதாரண மீடியா கன்வெர்ட்டரே போதும். ஆனால் தனியார் ஒருவர் பொதுச் சாலையைக் கடந்தும் மின்கம்பத்தில் தொங்கவிட்டும் கேபிள் இழுக்க முடியாது. சாலைக்கு உரிய துறையும் மின்வாரியமும் அனுமதி தர வேண்டும். ஆகவே அந்த வழியில் ஏற்கெனவே ஃபைபர் போட்டிருக்கும், உரிய உரிமம் பெற்ற கேபிள் ஆபரேட்டர் யாராவது இருந்தால், அவரிடம் மாத வாடகைக்கு இரு முனை இணைப்புக் கேட்டுப் பாருங்கள். நடுவில் எங்கே முறிந்தாலும் சரிசெய்வது அவர் பொறுப்பு என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

நாகர்கோவில் நிரலர்:

அண்ணாச்சி சொன்ன ஃபைபர் சரியான வழி. இருந்தாலும், நாளைக்கே ஃபைபர் வந்தாலும் இந்த அமைப்பில் ஒரு அடிப்படைக் குறை அப்படியே இருக்கும் என்பதை யாரும் இன்னும் தொடவில்லை. இங்கே ரேடியோவைவிட எனக்குக் கவலை தருவது அந்தப் பகிர்வுக் கோப்புறை.

தரவுக் கோப்பைப் பகிர்வுக் கோப்புறையில் வைத்துத் திறக்கும் மென்பொருள், தனக்கு வேண்டிய பதிவை மட்டும் கேட்டு வாங்குவதில்லை. கோப்பைத் திற, பூட்டு, இந்த இடத்திலிருந்து சில கிலோபைட் படி, அடுத்த இடத்திலிருந்து படி, பூட்டை விடு என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் பதில் வந்த பிறகே அடுத்ததைக் கேட்கும். ஒரு திரை வர 4,000 கேள்வி பதில் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். கட்டடத்துக்குள் கேபிளில் ஒரு கேள்விக்கு அரை மில்லி விநாடி என்றால் மொத்தம் இரண்டு விநாடி. கணக்கரின் காலை நேர 5 மில்லி விநாடியில் அதுவே இருபது விநாடி. பிற்பகலின் 60 மில்லி விநாடியில் நான்கு நிமிடம். இதில் மெகாபிட்டுக்கு வேலையே இல்லை. இணைப்பை 14இலிருந்து 140 மெகாபிட் ஆக்கினாலும் 60 மில்லி விநாடி அப்படியே இருந்தால் நான்கு நிமிடமும் ஏறக்குறைய அப்படியே இருக்கும்.

இழப்பையும் சேர்த்தால் இன்னும் மோசம். சாதாரண டிசிபி (தரவு போய்ச் சேர்ந்ததா என்று சரிபார்த்து அனுப்பும் முறை) இணைப்பில் 2 சதவீத இழப்பும் 50 மில்லி விநாடித் தாமதமும் சேர்ந்தால், கீழே எவ்வளவு அகலமான வழி இருந்தாலும் ஒரு இணைப்புக்கு 2 மெகாபிட் அளவுதான் தேறும். 1997இல் மேதிஸும் உடன் ஆய்வாளர்களும் தந்த சூத்திரத்தில் எண்களைப் போட்டால் இதுதான் வருகிறது. கோப்பு சேதமாவதற்கும் காரணம் இங்கேதான் இருக்கிறது. ஒரு கொள்முதல் பதிவு கோப்பின் பல இடங்களில் எழுதப்பட வேண்டும்; பாதி எழுதியதும் இணைப்பு அறுந்தால், அட்டவணை ஒன்று சொல்லும், பதிவு வேறொன்று சொல்லும்.

ஆகவே நிரலைத் தரவின் அருகே ஓடவிடுங்கள். அலுவலகத்தில் இரண்டு கணினிகளை ஒதுக்கி, கிடங்கு ஊழியர்கள் இருவரும் ரிமோட் டெஸ்க்டாப் (வேறிடத்துக் கணினியின் திரையை இங்கிருந்தே இயக்கும் வசதி) மூலம் அவற்றில் வேலை பார்க்கட்டும். வயர்லெஸ் வழியாகப் போவது விசைத்தட்டுகளும் திரை மாற்றங்களும் மட்டுமே. சாதாரணப் பதிவு வேலைக்குச் சில நூறு கிலோபிட் போதும். இணைப்பு அறுந்தால் அவர்கள் திரை உறைந்து நிற்கும், ஆனால் அலுவலகத்துக் கணினியில் நிரல் உயிரோடு இருக்கும்; மறுபடி இணைந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். கோப்புக்கு எதுவும் ஆகாது.

மார்த்தாண்டம் கணினிக்கடை:

சொல்வது எளிது. விண்டோஸ் ஹோம் பதிப்பு உள்ள கணினிக்குள் வெளியிலிருந்து ரிமோட் டெஸ்க்டாப்பில் நுழைய முடியாது, புரோ வேண்டும். ஒரு புரோ கணினியில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் இருக்க முடியும். ஒரே கணினியில் இருவரும் நுழைய வேண்டுமானால் சர்வர் பதிப்பும், ஆளுக்கொரு அனுமதி உரிமமும் வாங்க வேண்டும். சிறு நிறுவனம் இதையெல்லாம் தாங்குமா?

நாகர்கோவில் நிரலர்:

நீங்கள் சொல்வது சரி. அதனால்தான் இரண்டு கணினி என்றேன். பழைய கணினிகளில் வட்டை மட்டும் எஸ்எஸ்டியாக மாற்றி, புரோ உரிமம் போட்டால் இந்த வேலைக்குத் தாராளம். இருபது மீட்டர் கம்பம் இரண்டோடு ஒப்பிட்டால் இது செலவே அல்ல. ஒரே ஒரு எச்சரிக்கை: வீட்டிலிருந்தும் வேலை பார்க்கலாமே என்று ரவுட்டரில் ரிமோட் டெஸ்க்டாப்புக்கான 3389 போர்ட்டை இணையத்துக்குத் திறந்துவிடாதீர்கள். திறந்த சில மணி நேரத்துக்குள் உலகின் எங்கெங்கிருந்தோ கடவுச்சொல் முயற்சிகள் வரத் தொடங்கிவிடும். வெளியிலிருந்து வேண்டுமானால் முதலில் விபிஎன் (இணையத்தின் வழியே பூட்டிய தனி வழி), அதன் உள்ளே ரிமோட் டெஸ்க்டாப்.

தக்கலை நெட்வொர்க்:

நிரலர் சொன்னதோடு கேமராவையும் சேர்க்க வேண்டும். நான்கு கேமராவும் இரவு பகலாக அலுவலகம் நோக்கி முழுத் தரத்தில் படம் அனுப்பினால், கேமராவுக்கு 2 மெகாபிட் என்றாலே 8 ஆகிறது. உங்களுக்குக் கிடைப்பதோ பிற்பகலில் 6. மிச்சம் எல்லாம் ரேடியோவின் வரிசையில் தேங்கும், அந்த வரிசையின் கடைசியில்தான் கணக்கு மென்பொருளின் சின்னச் சின்னக் கேள்விகளும் நிற்கும். 300 மில்லி விநாடி அங்கிருந்துதான் வருகிறது என்று நினைக்கிறேன். இலைகள் மட்டும் அவ்வளவு தாமதம் தருவதில்லை. பதிவுப் பெட்டியைக் கிடங்கிலேயே வையுங்கள். பார்க்கும்போது மட்டும் குறைந்த தரப் படத்தை இழுத்துக்கொள்ளலாம். திருட்டுப் பயம் இருந்தால் பெட்டியைப் பூட்டிய அலமாரிக்குள் வைத்தால் போயிற்று.

குலசேகரம் கணக்கர்:

உங்கள் எல்லோருடைய யோசனையையும் செலவு குறைந்ததிலிருந்து தொடங்கிச் செய்துவந்தோம். நடந்ததை எழுதுகிறேன்.

முதலில் சானல் அகலத்தை 20 ஆக்கி, சானலை 5745க்கு மாற்றினேன். வேகம் குறைந்தது, ஆனால் காய்ந்த நாளில் பதில் இழப்பு பெரும்பாலும் நின்றுவிட்டது. பதிவுப் பெட்டியைக் கிடங்குக்கு மாற்ற முதலாளி முதலில் ஒப்பவில்லை, அலுவலக அறையில் நான்கு படமும் எப்போதும் பெரிதாகத் தெரிய வேண்டும் என்பது அவர் விருப்பம். குறைந்த தரப் படத்தை அதே திரையில் போட்டுக்காட்டிய பிறகு, ஷீட் அடுக்கு தெரிகிறது, ஆள் முகம் தெரிகிறது, போதும் என்றார். பெட்டி போன அன்றே பிற்பகல் தாமதம் 20 மில்லி விநாடிக்குக் கீழே வந்துவிட்டது.

ரிமோட் டெஸ்க்டாப் இரண்டு கணினியிலும் ஓடுகிறது. கொள்முதல் திரை இப்போது அலுவலகத்தில் திறக்கும் அதே வேகத்தில் கிடங்கிலும் திறக்கிறது. மாற்றிய பிறகு கோப்பு ஒரு முறைகூடச் சேதமாகவில்லை. மழை ஓய்ந்த அரை மணி நேரம் திரை உறைந்து உறைந்துதான் வருகிறது, அதை மறைக்க முடியாது. கேபிள் ஆபரேட்டர் ஒருவர் கிடங்கு வரை ஃபைபர் இருப்பதாகச் சொல்லியிருக்கிறார். வாடகைப் பேச்சு நடக்கிறது.

இப்போது ஒரு புதிய சிக்கல். எடைமேடைச் சீட்டை ரிமோட் டெஸ்க்டாப்பிலிருந்து அச்சிட்டால் கிடங்கில் உள்ள டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் வர ஒரு நிமிடம் வரை ஆகிறது. ஷீட்டும் ஒட்டுப்பாலும் கொண்டுவருபவர்கள் அதிகாலையில் வந்து வரிசையில் நிற்பவர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு நிமிடம் என்றால் வரிசை சாலைக்கு வந்துவிடும்.

நாகர்கோவில் நிரலர்:

அச்சுப் பக்கம் முழுவதும் படமாக மாறி வயர்லெஸ் வழியாக வருவதால்தான் அந்தத் தாமதம். டாட் மேட்ரிக்ஸுக்குப் படம் தேவையில்லை, எழுத்து மட்டும் அனுப்பினால் ஒரு சீட்டு இரண்டு கிலோபைட்டைத் தாண்டாது. அலுவலகத்துக் கணினியில் அந்தப் பிரிண்டரை விண்டோஸோடு வரும் ஜெனெரிக் டெக்ஸ்ட் ஒன்லி டிரைவரில் சேர்த்து, மென்பொருளில் எழுத்து முறை அச்சு என்ற அமைப்பு இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். சீட்டில் தமிழ் வருகிறது என்றால் மட்டும் இது சரிப்படாது, ஏனென்றால் பிரிண்டரின் உள்ளே தமிழ் எழுத்துரு இருக்காது.

இன்னொன்றையும் யோசியுங்கள். எடைச் சீட்டு அலுவலகத்தை நம்பி இருக்கவே வேண்டாம். எடைமேடையோடு வந்த மென்பொருள் எடையைக் கிடங்குக் கணினியிலேயே பதிந்து, சீட்டையும் அங்கேயே அச்சிட்டுக் கொடுக்கட்டும். அந்த நாளின் எடைப் பட்டியலைக் கோப்பாக எடுத்து, கொள்முதல் கணக்கில் நீங்கள் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். இணைப்பு முழுவதுமாக அறுந்த காலையிலும் எடை போடுவது நிற்காது.

குலசேகரம் கணக்கர்:

சீட்டில் நிறுவனத்தின் பெயரும் முகவரியும் தமிழில்தான் இருக்கின்றன. ஆனால் அவற்றை முன்கூட்டியே அச்சடித்த தாள் வாங்கிக்கொண்டால், எண்களும் ஆங்கில எழுத்தும் மட்டும் பிரிண்டரில் வந்தால் போதும் என்று தோன்றுகிறது. எடைமேடை மென்பொருளில் பட்டியலை எக்செல் கோப்பாக எடுக்கும் வசதி இருக்கிறது; விற்றவரிடம் கேட்டு உறுதிசெய்துவிட்டேன். அடுத்த வாரம் அதையே வைத்து ஓட்டிப் பார்க்கிறோம். ஃபைபர் வந்தாலும் ரேடியோவைக் கழற்றாமல் மாற்று வழியாக வைத்திருக்கலாமா என்பதை மட்டும் யாராவது சொல்லுங்கள்.

தக்கலை நெட்வொர்க்:

வைத்திருங்கள். ஆனால் ஃபைபரையும் ரேடியோவையும் ஒரே சுவிட்சில் சும்மா செருகிவிடாதீர்கள். இரண்டு வழியும் சேர்ந்து வளையமாகி, ஒரே செய்தி சுற்றிச் சுற்றி வந்து நெட்வொர்க் முழுவதும் முடங்கிவிடும். எஸ்டிபி (வளையம் உண்டானால் ஒரு வழியைத் தானே அடைத்துவைக்கும்) வசதி உள்ள சுவிட்ச் இரு பக்கமும் இருந்தால், ரேடியோவின் போர்ட்டுக்குக் கூடுதல் காஸ்ட் (கூடினால் அந்த வழி பின்னுக்குப் போகும் மதிப்பு) கொடுத்து வைத்தால், ஃபைபர் அறும்போது மட்டும் அது திறந்துகொள்ளும். அப்படிப்பட்ட சுவிட்ச் இல்லையென்றால் ரேடியோவின் கேபிளைக் கழற்றி, பெயர் எழுதிக் கட்டித் தொங்கவிடுங்கள். ஃபைபர் அறுந்த அன்று கிடங்கில் இருப்பவர் யாரும் அதைச் செருகலாம், முதலில் ஃபைபரின் கேபிளைக் கழற்றிவிட்டு.